நாளைக்கும் ஒரு படம் எடுங்கள்

1973-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரை ஒட்டிய கார்லண்டில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் மஞ்சளாக நுரைத்துக்கொண்டு ஏதோ ஒன்று கிளம்பியது. நாளுக்கு நாள் அகன்றது. செய்தி பத்திரிகைகளுக்குப் போனது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்திருக்குமோ என்றுகூடச் சிலர் கேட்டார்கள். கேட்டதில் வியப்பில்லை. விண்ணிலிருந்து விழுந்த கூழ் ஒன்று அகப்பட்டவர்களையெல்லாம் விழுங்கிப் பெருகும் ‘தி பிளாப்’ படம் 1958-லேயே வெளிவந்து அந்த நாட்டுக்காரர்களைப் பயமுறுத்தியிருந்தது. கடைசியில், பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள்: இது ஃபுலிகோ செப்டிகா. உலகெங்கும் தோட்டங்களில் இருப்பது. யாரையும் விழுங்காது.

அதே ஃபுலிகோ நம்மூரிலும் உண்டு. ஐப்பசி மழை பிடித்து நாலு நாள் ஆனதும், செடியைச் சுற்றி மூடாக்கு போட்டவர்களின் கைப்பேசிகளில் விதவிதமான படங்கள் சேரத் தொடங்கும். சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு, மரச்சில்லு என்று எதைப் பரப்பியிருந்தாலும் அதன்மேல் மஞ்சள் நுரை, ஆரஞ்சு விரல், வெள்ளை முட்டை, குட்டிக் கிண்ணம், ஒரே இரவில் விரிந்த குடை. கூடவே மூன்று கேள்விகள்: இது என்ன, செடிக்கு ஆகாதா, எதை அடித்தால் போகும்? மூன்றாவது கேள்வியில் தொடங்கி முதல் கேள்விக்கு வராமலே போய்விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு படத்தை வைத்துப் பெயர் சொல்வதும் சுலபமில்லை. மூடாக்கில் முளைப்பவை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உருவம் மாறிவிடும். நேற்று எப்படி இருந்தது, நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் இன்றைய கோலத்தை மட்டும் பார்த்தால் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள்.

ஃபுலிகோவையே எடுத்துக்கொள்வோம். காலையில் பார்த்தால், புளித்துப் பொங்கிய தோசை மாவில் யாரோ மஞ்சள்பொடியைக் கலந்து கொட்டியதுபோல இருக்கும். ஆங்கிலம் பேசும் தோட்டக்காரர்கள் இதை நாய் எடுத்த வாந்தி என்கிறார்கள், அதுவும் பொருத்தமே. குச்சியால் தொட்டால் ஈரமாக இழுபடும். அதைச் சுற்றி மூடாக்கில் நாலு குச்சிகளைக் குத்தி எல்லை குறித்துவிட்டு மறுநாள் பாருங்கள். சில நேரம் அது எல்லையைத் தாண்டி நகர்ந்திருக்கும். வேலிக்காலிலோ தொட்டியின் விளிம்பிலோ ஏறியிருந்தாலும் வியக்கவேண்டாம். அதற்கடுத்த நாள் மேலே வெளிறிய ஓடு கட்டியிருக்கும். அந்த ஓட்டில் இருப்பது அசல் சுண்ணாம்புதான், கால்சியம் உப்பு. ஓட்டை விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உடைந்து, உள்ளிருந்து கறுப்பு கலந்த பழுப்புத் தூள் கிளம்பும். தூள் முழுவதும் வித்துகள். இந்த மூன்று நாள் படங்களும் கையில் இருந்தால் அடையாளத்தில் சந்தேகமே எழாது. மூன்றாம் நாள் படம் மட்டும் இருந்தால், சாம்பல் மேடு என்று நினைத்துக் கடந்து போய்விடலாம்.

இது பூஞ்சையே இல்லை. சளிப்பூஞ்சை என்று பெயரில் மட்டும் பூஞ்சை இருக்கிறது. ஐரோப்பாவில் தோல் பதனிடும் இடங்களில் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். நம்மூரில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் பட்டை செய்தது. சாறு இறங்கியபின் வெளியே குவித்த பட்டைமேட்டில் மழைக்காலத்தில் இது மஞ்சள் மஞ்சளாகப் பொங்கும். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அதைப் ‘பதனிடு பட்டையின் பூ’ என்றே அழைத்தார்கள். லின்னேயஸ் 1763-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது பூசணங்களின் வரிசையில் சேர்த்தார். நூறு ஆண்டு கழித்துத்தான் சிக்கல் வெளிப்பட்டது. ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1850-களின் இறுதியில் இவற்றின் வித்துகளை முளைக்கவிட்டுப் பார்த்தார். பூஞ்சை என்றால் இழை வரவேண்டும். வந்ததோ அமீபாவைப்போல ஊர்ந்து திரியும் செல்கள். விலங்குகளுக்கு அருகில் வைக்கவேண்டும் என்று அவர் சொன்னதை அன்றைக்குப் பலர் ஏற்கவில்லை. இன்று இவை அமீபாக்களின் கிளையில்தான் நிற்கின்றன.

அந்த மஞ்சள் பரப்பு, விரித்த கையளவு இருந்தாலும், ஒரே செல். உள்ளே கணக்கற்ற உட்கருக்கள். இடையே சுவர் கிடையாது. உள்திரவம் ஒரு பக்கமாக ஓடி, நின்று, திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். இதன் உறவான ஃபைசாரம் பாலிசெஃபாலத்தில் அந்த ஓட்டம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும்; உயிர்ச் செல்லுக்குள் இது அசாத்திய வேகம். முன்னால் ஓடியது சற்று அதிகம், பின்னால் திரும்பியது சற்றுக் குறைவு என்ற அந்த வித்தியாசமே நகர்வு. ஜப்பானியர் தோஷியுகி நாககாகி 2000-இல் இந்த ஃபைசாரத்தை ஒரு புதிர்ப்பாதையில் விட்டு இரு முனைகளிலும் உணவு வைத்தார். வீண் சந்துகளிலிருந்து உடலை இழுத்துக்கொண்டு மிகக் குறுகிய வழியில் மட்டும் நீண்டு நின்றது. 2010-இல் அவரும் கூட்டாளிகளும் தோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் தானியத்தை வைத்தார்கள். சளிப்பூஞ்சை போட்ட வலைப்பின்னல் அங்குள்ள ரயில் பாதைக்கு ஈடாக இருந்தது. மூளையோ நரம்போ இல்லாத ஒன்று இவ்வளவும் செய்ததற்காக இரண்டு முறையும் இக் நோபல் பரிசு, சிரிக்கவைத்துப் பின் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கானது, அவர்கள் வீட்டுக்குப் போனது.

செடிக்கு ஆகாதா என்றால், இது செடியைத் தின்னாது. மூடாக்கில் இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் பூஞ்சை வித்துகளும்தான் இதன் சாப்பாடு. சின்ன நாற்றின்மேல் ஏறி மூடிக்கொண்டால் மட்டும் வழித்து எடுத்துவிடுங்கள். பூஞ்சைக்கொல்லி அடிப்பது காசுக்குக் கேடு, அது பூஞ்சையே இல்லை என்பதால். காய்ந்த பிறகு விளக்குமாற்றால் அடித்துக் கலைப்பதும் வேண்டாம். அந்தத் தூள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். மெக்சிகோவில் சில இடங்களில் இளம் பருவத்தில் எடுத்து முட்டைப் பொரியல்போல வதக்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தகவலுக்காகச் சொல்கிறேன், செய்முறைக்காக அல்ல.

மூடாக்கில் ஏன் இவ்வளவு கூட்டம்? மூடாக்கு என்பது செத்த மரமும் செத்த இலையும். அதில் செல்லுலோஸ் இருக்கிறது, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லிக்னின் இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னினை முழுமையாகச் சிதைக்க, வெண்ணழுகல் பூஞ்சைகள் என்று சொல்லப்படும் ஒரு கூட்டத்தை விட்டால் வேறு ஆள் மிகக் குறைவு. அவை எப்படிச் சாதிக்கின்றன என்பதற்கு முதல் விடை 1983-இல்தான் கிடைத்தது. ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையிலிருந்து லிக்னினை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கும் நொதியை அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். நம்மூரில் இதே வேலையைத் தொழிலாகவே செய்யவைத்திருக்கிறார்கள். மலைமலையாகக் குவிந்து கிடந்த தென்னை நார்க்கழிவைச் சிப்பிக் காளான் விதையைத் தூவி மட்கவைக்கும் முறையைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியது. பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 112 பங்கு. மட்கி முடியும்போது அது 24 பங்குக்கு இறங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். தொட்டியில் நார்க்கழிவைக் கிளறினால் தெரியும் வெள்ளை நூலாம்படைதான் அந்தப் பூஞ்சையின் உடம்பு. மேலே முளைக்கும் குடையும் கிண்ணமும் அது வித்து பரப்ப அனுப்பும் சில நாள் உறுப்பு. மேலே முளைத்ததைப் பிடுங்குவதால் கீழே இருப்பதற்கு நோவு கிடையாது. வெள்ளை நூலைக் கண்டு மிரண்டு தொட்டியையே கவிழ்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மூடாக்கைத்தான் சாப்பிடுகிறது. சரியாக மட்காத மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் மட்டும் பூஞ்சை தன் தேவைக்கு மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி வெளிறும். மேலே பரப்புவதோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தொல்லை பெரிதாக வராது.

தொட்டிகளில் அடிக்கடி தட்டுப்படும் இன்னொரு மஞ்சள் உருப்படி, எலுமிச்சை நிறத்தில் விரல் நீளமே உள்ள மெல்லிய குடைக் காளான். லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமியி என்று பெயர். விடியற்காலையில் மூடிய மணியாக நிற்கும். வெயில் ஏறும்போது விரியும். பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ துவண்டு தலைகுப்புற விழும். இது வெப்பநாட்டுக்காரர். ஆனால் அறிவியல் இதைச் சந்தித்தது குளிர்நாட்டில். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பகுதிக் காளான்களைப் பற்றி ஜேம்ஸ் போல்டன் 1788-இல் வெளியிட்ட நூலில் இதன் படம் இருக்கிறது. அன்னாசி வளர்க்கச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் அவருக்குக் கிடைத்தது. பிறகு 1839-இல் கோர்டா என்ற ஆய்வாளர் பிராகா நகரத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த மாதிரிக்கு, அதைக் கண்டெடுத்த தோட்டக்காரர் பிர்ன்பாமின் பெயரைச் சூட்டினார். அன்னாசிச் செடியும் மண்ணும் கப்பலேறியபோது காளானும் சீட்டு வாங்காமல் ஏறியிருக்கவேண்டும். இன்றைக்கு மூட்டை கட்டி விற்கும் தொட்டி மண்ணிலும் மரச்சில்லிலும் அதே பயணம் நடக்கிறது. இங்கிலாந்தில் 1990-களிலிருந்து பூப்பாத்திகளில் மரச்சில்லு பரப்பும் பழக்கம் கூடியதும், அதுவரை அங்கே அரிதாக இருந்த காளான்கள் பல கும்பலாக முளைக்கத் தொடங்கியதைக் காளான் ஆய்வாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே, இந்த ஊரில் இது வளராதே என்ற வாதம் மூடாக்கின் விஷயத்தில் எடுபடாது.

மஞ்சள் குடை செடியை ஒன்றும் செய்யாது. சாப்பிடுவதற்கும் ஆகாது. குழந்தைகள் தவழும் வீட்டில் பறித்து எறிந்துவிடுவது நல்லது.

வெள்ளை முட்டை என்று சொன்னேனே, அது நாற்றக் காளான்களின் முதல் பருவம். மூடாக்கில் பாதி புதைந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். அடியில் தடித்த வெள்ளை வேர்போல ஒரு கயிறு. குறுக்கே வெட்டினால் தோலுக்குக் கீழே தெளிந்த களி ஒரு சுற்று, நடுவில் சுருட்டி மடித்து வைத்த காம்பு. எல்லாம் முன்கூட்டியே செய்து தயாராக இருக்கிறது, தண்ணீரை இழுத்து நீள்வதுதான் பாக்கி. அதனால்தான் சில மணி நேரத்தில் முட்டை பிளந்து ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்க முடிகிறது. இனத்துக்கேற்பக் கோலம் மாறும். ஒன்று வெள்ளை வலைப்பாவாடை கட்டிக்கொண்டு வரும், இன்னொன்று ஆரஞ்சு விரலாக, வேறொன்று சிவப்பு நட்சத்திரமாக. அந்த நட்சத்திரக் காளான் ஆசெரோயே ரூப்ராவைப் பிரெஞ்சு இயற்கையாளர் லாபில்லார்தியேர் 1792-இல் டாஸ்மானியாவில் முதலில் பார்த்தார். 1829-இல் அது லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டிலேயே முளைத்தது. மறுபடியும் கப்பல்.

எல்லாவற்றுக்கும் பொது, நாற்றம். தலையில் பூசிய பச்சை கலந்த பழுப்புப் பசையில் வித்துகள் இருக்கின்றன. டைமெத்தில் டிரைசல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் அதிலிருந்து வீசும். அழுகும் மாமிசத்திலிருந்தும் அதே சேர்மங்கள்தான் கிளம்புகின்றன. ஈக்கள் ஏமாந்து வந்து நக்கி, காலிலும் வயிற்றிலும் வித்தைச் சுமந்து போகின்றன. மாலைக்குள் பசை தீர்ந்து தலை வெளுத்துப்போகும். அப்போது படம் எடுத்தால், எதனால் ஈ வந்தது என்று யாருக்கும் தெரியாது. 1905-இல் இலங்கைக்கு வந்து பேராதனைத் தோட்டத்தில் பணியாற்றிய தாமஸ் பெட்ச் இந்தக் குடும்பத்துக்காகவே 1908-இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். உருவத்தைப் பற்றிச் சொல்லவேண்டாம். இந்தக் குடும்பத்தின் முதற்பேரினத்துக்கு லின்னேயஸ் கூச்சப்படாமல் ஃபாலஸ் என்றே பெயரிட்டுவிட்டார். கூச்சப்பட்டவர்கள் பிறகு வந்தார்கள். சார்லஸ் டார்வினின் மகள் ஹென்ரியட்டா, கூடையும் கூர்முனைக் குச்சியுமாகக் காட்டில் மோப்பம் பிடித்து இந்தக் காளான்களைத் தேடிக் குத்தியெடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வரவேற்பறைக் கணப்பில் கதவைச் சாத்திக்கொண்டு எரிப்பாராம், வேலைக்காரப் பெண்களின் ஒழுக்கம் கெட்டுவிடக்கூடாது என்று. டார்வினின் பேத்தி குவென் ராவராட் 1952-இல் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது வருகிறது. உயிரினங்களின் தோற்றத்தை உலகுக்கு விளக்கியவர் வீட்டிலேயே இப்படி.

குட்டிக் கிண்ணங்களுக்கு வருவோம். மரச்சில்லின்மேல் நெருக்கமாக, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாமல், உள்ளே தட்டையான சாம்பல் நிற மணிகள் நாலைந்தோடு இருந்தால் அது சையாதஸ். பறவைக்கூட்டுக் காளான் என்ற பெயர் பார்த்த உடனே புரியும். இதிலும் காலம்தான் அடையாளம்: முதலில் மேலே மூடி இருக்கும், மணிகள் தெரியாது, பிறகு மூடி கிழியும், மழைக்குப் பின் பார்த்தால் காலிக் கிண்ணம் மட்டும். மணிகள் எங்கே போயின என்பதை 1951-இல் விளக்கியவர் கனடாக்காரர் ஹெரால்டு பிரோடி. மழைத்துளி ஒன்று சரியாகக் கிண்ணத்துக்குள் விழுந்தால், சரிந்த சுவரில் மோதி எழும் நீர், மணியை ஒரு மீட்டர் தூரம் வரை எறியும். மணிக்குப் பின்னால் சுருட்டி வைத்த நுண்ணிழை ஒன்று பறக்கும்போது அவிழ்ந்து, நுனியில் உள்ள பசையால் புல்லின் தாளில் ஒட்டி, தாளைச் சுற்றிக்கொள்ளும். புல்லை மாடோ மானோ மேய்ந்தால் பயணம் தொடரும். மழைத்துளியின் விசையை மட்டும் நம்பி இத்தனை ஏற்பாடு. பிரோடி இந்தச் சிறு கிண்ணங்களுக்கென்று 1975-இல் தனிப் புத்தகமே எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

மழையை நம்பாமல் தானே சுடுவதும் ஒன்று உண்டு. ஸ்ஃபீரோபோலஸ். இரண்டு மில்லிமீட்டர் உருண்டை, பிளந்தால் நட்சத்திர விளிம்பு, நடுவில் ஒரு கறுப்பு மணி. இத்தாலியர் மிக்கேலி 1729-லேயே இதை வரைந்துவிட்டார். மணிக்கு அடியில் உள்ள இரட்டைத் தோலில், உட்புறம் கிளைக்கோஜன் சர்க்கரையாக மாற மாற நீர் புகுந்து இறுக்கம் ஏறும். தாங்காத நொடியில் தோல் வெளிப்புறமாகப் புரண்டு மணியைத் தெறிக்கவிடும். காதைக் கொடுத்துக் கேட்டால் சின்ன ‘டப்’ ஓசை கேட்கும். ரெஜினால்டு புல்லர் 1933-இல் எழுதிய கணக்குப்படி கிடையாக ஐந்தரை மீட்டர் வரை எறிகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே குறிபார்க்கும் என்பதால், அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வீட்டுச் சுவரோரம் மரச்சில்லு பரப்பியவர்களின் வெள்ளைச் சுவரிலும் காரிலும் கறுப்புப் புள்ளிகள். ஒட்டிக்கொண்டால் சுரண்டினாலும் கறை போகாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டு ஆராய்ந்து, மூடாக்கில் 40 சதவீதம் காளான் பண்ணைக் கழிவு உரத்தைக் கலந்தால் இது பெரிதும் அடங்குகிறது என்று கண்டார்கள். ஒரு காளானை அடக்க இன்னொரு காளானின் எச்சில் பாத்திரம். மருந்துக்கடைக்காரருக்கு இதில் வருமானமில்லை.

அப்படியானால் மூடாக்கில் எதற்குத்தான் பயப்படுவது? நான் மூன்றைச் சொல்வேன். முதலாவது, தக்காளி, மிளகாய், நிலக்கடலைச் செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை விசிறியாகப் படர்ந்து, சில நாளில் அதில் கடுகளவு உருண்டைகள், முதலில் வெள்ளையாக, பிறகு பழுப்பாகத் தோன்றுவது. ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்ஸி. இது செத்ததோடு நிற்காமல் உயிருள்ள தண்டையும் அழுகவைக்கும். மூடாக்கைத் தண்டோடு அணைத்துக் குவிக்காமல் நாலு விரல் இடம் விடச் சொல்வது இதற்காகத்தான். கடுகு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் செடியோடு மேல்மண்ணையும் அள்ளி அப்புறப்படுத்தவேண்டும்.

இரண்டாவது, தென்னையின் அடிமரத்தில் பலகையாக நீட்டிக்கொண்டு வரும் கானோடெர்மா. 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயராகிவிட்டது. மூடாக்கில் கிடக்கும் செத்த கட்டையில் பலகைக் காளான் வந்தால் கவலையில்லை. உயிர்மரத்தின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் அப்போதே கவனிக்கவேண்டும். காளான் வெளியே தெரியும்வரை காத்திருந்தால் உள்ளே வேலை முடிந்திருக்கும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. நெடுநாள் கட்டிவைத்து உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்த மூடாக்கு மூட்டையைப் பிரிக்கும்போது எழும் சாம்பல் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் ஏராளம். நல்ல உடம்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்யாத ஒரு பரம்பரைக் குறைபாடு உள்ளவர்கள் மூடாக்கைக் கிளறிய சில நாளில் கடும் நுரையீரல் அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்த நேர்வுகள் பல. மருத்துவர்கள் அதற்கு ‘மூடாக்கு நிமோனியா’ என்கிற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. மற்றவர்கள் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரிக்கலாம்.

இனிச் சமையலறை. மழைக்குப் பிறகு புல்தரையிலும் குப்பை மட்கிய இடத்திலும் வட்டமாக முளைத்து நிற்கும் பெரிய வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில், காம்பில் மேலும் கீழும் நகரும் வளையம். பார்க்க அழகாக, சதைப்பிடிப்போடு, வெட்டினால் நல்ல வாசனையோடு இருக்கும். க்ளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ். அமெரிக்காவில் காளான் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறவர்களில் அதிகம் பேர் இதைச் சாப்பிட்டவர்கள்தான். வெப்பநாடுகளில் எங்கும் பரவியிருக்கிறது. இதைக் காட்டிக்கொடுப்பது ஒரே ஒரு விஷயம்: வித்து பச்சை நிறம். குடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் செவுள்கள் இளம் பருவத்தில் தூய வெள்ளை. வித்து முற்ற முற்ற மங்கிய பச்சை ஏறும். சமைக்கிறவர் பறிப்பது எப்போதும் இளசாகப் பார்த்துத்தான். பச்சை தோன்றுமுன்பே அது குழம்புக்குள் போய்விடுகிறது.

புற்றுக் காளான் தின்று பழகியவர்களுக்கு இதில் ஆபத்து கூடுதல். புற்றுக் காளானும் வெள்ளைதான், மழைக்குத்தான் வரும். ஆனால் அதன் காம்பு தரையோடு முடியாது. தோண்டிக்கொண்டே போனால் வேர்போல நீண்டு, கறையான் கட்டிவைத்த பூஞ்சைத் தேனடையில் போய் முடியும். பெட்ச் 1906-இல் இலங்கைக் கறையான் புற்றுகளின் பூஞ்சைகளைப் பற்றி எழுதியது இந்த உறவைத்தான். பிடுங்கி எடுக்கும்போது அந்தக் காம்பு பாதியில் அறுந்துபோகும். அறுந்ததை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தோண்டி எடுப்பதே முறை.

வித்தின் நிறத்தை வீட்டிலேயே பார்க்கலாம். விரிந்த குடையின் காம்பை ஒட்ட நறுக்கி, செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காகிதம் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருந்தால் வெள்ளை வித்தும் தப்பாது. காலையில் செவுளின் அச்சு அப்படியே தூளாகப் படிந்திருக்கும். பச்சை என்றால் க்ளோரோஃபில்லம். துருப்பழுப்பு என்றால், மரச்சில்லில் வரும் சின்னப் பழுப்புக் காளான்களில் கல்லீரலைக் கொல்லும் அமடாக்சின் கொண்ட கலெரினாவும் அந்த நிறமே என்பதை நினைவில் வைக்கவேண்டும். வெள்ளை என்றால் அது நல்ல காளான் என்று பொருளில்லை. மிகக் கொடிய அமனிட்டாக்களின் வித்தும் வெள்ளைதான். படம் காட்டினால் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளைப் பூச்செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூளின் நிறமும் காம்பின் அடியும் அவற்றின் கண்ணில் படுவதில்லை.

தவறிச் சாப்பிட்டுவிட்டால், மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிக் குழம்பாகிவிடும். அங்கே மருத்துவர் காளானின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பே, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கியது என்று கேட்பார். க்ளோரோஃபில்லம் என்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் வெளுத்துக்கட்டும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு நாளில் தேறிவிடலாம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் அமடாக்சினாக இருக்கலாம். அதில் முதல் நாள் வாந்தி நின்று நோயாளி தெளிந்து எழுந்து உட்காருவார். வீட்டுக்குப் போகலாம் என்றுகூடக் கேட்பார். உள்ளே கல்லீரல் அழிவது அந்த இடைவெளியில்தான். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டுப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருவகைக் காளானும் ஒரே சட்டியில் வெந்திருந்தால், சீக்கிரம் வந்த வாந்தி பின்னால் வரப்போவதை மறைத்துவிடும். அதனால் சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். வாந்தி நின்றாலும் மருத்துவர் விடும்வரை இருங்கள்.